மேல அடிச்ச கேசட்

அந்த நாட்டியப் படத்தை என் மகள் போன மாதம் புதுப்பித்த பதிப்பில் போட்டுக் காட்டினாள். பெரிய டிவி, பளிச்சென்ற வண்ணம், கதாநாயகியின் சலங்கையில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிகிறது. "உனக்குப் பிடிச்ச படமாச்சேம்மா, பாரு" என்றாள். பார்த்தேன். கடைசி ஆட்டத்துக்கு முன்னால் மேடையில் கரண்ட் போகும் காட்சி வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். பாலை வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னேன். பால் எதுவும் வைக்கவில்லை. பேரன் எடுக்கும் வயதில் ஒரு காதல் படத்துக்கு இப்படிப் பயப்படுகிற பொம்பளை எங்கள் ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கதை ஒன்றும் பெரிசில்லை. ஊர் ஊராகப் போய் ஆடுகிற ஒரு நாட்டியக்காரி. அவள் மேடைக்கு விளக்குப் போடுகிற ஒருத்தன். படம் பூராவும் அவன் இருட்டில் நின்று அவளைப் பார்க்கிறான். அவள் வெளிச்சத்தில் நிற்பதால் அவளுக்கு அவன் தெரிவதே இல்லை. கடைசியில் ஒரு பெரிய சபையில் ஆடப்போகும் நேரம் கரண்ட் போய்விடுகிறது. அவன் ஒரு பெட்ரமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு மேடைக்கே வந்துவிடுகிறான். அந்த ஒற்றை வெளிச்சத்தில், முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் ஆடுவாள். கள்ளக்குறிச்சி டாக்கீஸில் அவன் விளக்கைத் தூக்கும்போது கிளம்பும் விசிலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. வருஷம் முழுக்க யாராவது அந்தப் படத்தைத் தேடிக்கொண்டே இருந்தார்கள்.

தேடி வருகிறவர்களுக்குக் கொடுக்க என் அண்ணன் இருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடியோ கடை. கேசட் ஓட்டவும் பதியவும் இரண்டு டெக், ஒரு டிவி, கல்யாணத்துக்கு எடுத்துப்போக ஒரு கேமரா. அந்தப் படம் கடையில் இரண்டு விதமாக இருந்தது. ஒன்று தியேட்டர் பிரிண்ட். யாரோ கொட்டகைக்குள் கேமராவை ஒளித்துவைத்து எடுத்தது. முதல் பாட்டில் ஒரு ஆள் எழுந்து குறுக்கே போவான், இரண்டாவது பாட்டில் திரும்பி வருவான். முகமெல்லாம் கலங்கல். இன்னொன்று சிங்கப்பூர் பிரிண்ட். முகம் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் திரையின் அடியில் ஒரு நகைக்கடை விளம்பரம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும், சரியாக அவள் காலை மறைத்துக்கொண்டு. நாட்டியப் படத்தில் காலை மறைத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? எனக்கு ஆத்திரமாக வரும். அண்ணன் சிரித்துக்கொண்டே வருகிறவர்களிடம் கேட்பார், "காலு வேணுமா, மூஞ்சி வேணுமா?" ஜாஸ்திப் பேர் மூஞ்சியைத்தான் வாங்கிப் போவார்கள்.

இவை இரண்டும் போக மூன்றாவதாக ஒரு பிரதி இருந்தது. உலகத்திலேயே அது ஒன்றுதான்.

அதைச் சொல்லும் முன் ஒரு சின்ன விஷயம். வீடியோ கேசட்டின் முதுகில் ஒரு ஓரமாக பிளாஸ்டிக் பல் ஒன்று இருக்கும். கடைக்காரர்கள் அதை லாக்கு என்பார்கள். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் வேறு எதையும் பதிய முடியாது. கல்யாணம் எடுத்து முடித்ததும் முதல் வேலையாக அண்ணன் லாக்கை உடைத்துவிடுவார், யாராவது தாலி கட்டுவதன் மேல் சினிமாவைப் பதிந்துவிடக் கூடாது என்று. மனசு மாறினால் அதற்கும் வழி உண்டு. ஓட்டையின் மேல் ஒரு துண்டு செலோடேப்பை ஒட்டினால் டெக் ஏமாந்துவிடும், மறுபடி பதியலாம். அதற்குக் கடைப் பெயர், மேல அடிக்கிறது.

எண்பதுகளின் பிற்பாதி அது. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் கிடையாது, பேப்பர் கிடையாது. கடைத்தெருவில் ஷட்டர்கள் பாதி திறந்தபடி, எப்போது வேண்டுமானாலும் இழுத்துவிடத் தயாராக இருந்தன. நாங்கள் பிழைப்புக்காக அந்த ஊருக்கு வந்தவர்கள். எங்களுக்கு அந்தப் போராட்டத்தில் பங்கும் இல்லை, பகையும் இல்லை. அது எங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டுமே.

ஒரு காலையில் இரண்டு போலீஸ்காரர்கள் கடைக்கு வந்து, அன்றைக்கு நடக்கவிருந்த ஊர்வலத்தை வீடியோ எடுக்கும்படி அண்ணனிடம் சொன்னார்கள். அந்த நாளில் கேமரா வைத்திருந்தவர் ஊரில் ஒருத்தரோ இரண்டு பேரோதான். முடியாது என்று சொல்லும் தைரியம் எங்கள் பரம்பரையிலேயே யாருக்கும் கிடையாது. ஒரு மாடியில் நின்று எடுத்தார். முதலில் கொடி, கோஷம், ஆயிரக்கணக்கில் ஜனம். பிறகு எங்கிருந்தோ ஒரு கல், ஒரு பஸ்ஸின் கண்ணாடி, தடியடி, ஓட்டம். கேசட் தீரும்வரை எடுத்துவிட்டு, கை பழக்கத்தில் லாக்கையும் உடைத்து, உறையில் போட்டு வீட்டுக்கு வந்தார். "நாளைக்கு வந்து வாங்கிக்கறோம், மூஞ்சி பாக்கணும்" என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

அண்ணன் சாப்பிடவில்லை. "நம்மகிட்ட கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவங்கதான் அதுல பாதி பேரு கீறாங்க. பந்தியில எனக்கு எல போட்டவங்கள நானே காட்டிக் குடுக்கறதா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா எழுந்துபோய் வாசல் கதவைத் தாழ் போட்டு வந்தாள். கேமரா கெட்டுப்போய் ஒன்றும் பதியவில்லை என்று போலீஸிடம் சொல்லிவிடுவது, கேசட்டின் மேல் ஒரு சினிமாவை அடித்துவிடுவது என்று முடிவானது. வெறும் கேசட்டாக இருந்தால் சந்தேகம் வரும், சினிமாவாக இருந்தால் வராது. செலோடேப் ஒட்டினார். கலவரத்துக்குப் பயந்து கடையின் டெக் இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தோம். ஒன்றில் ஏற்கனவே சிங்கப்பூர் பிரிண்ட் இருந்தது, அதையே ஓடவிட்டார்.

நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். அப்படிப்பட்ட சமயத்திலும் எனக்குப் பாட்டு வந்தால் பார்க்கத்தான் தோன்றியது. படத்தில் சபையில் கரண்ட் போயிற்று. விளக்குக்காரன் பெட்ரமாக்ஸைத் தூக்கி முதல் அடி எடுத்துவைத்தான். எங்கள் தெருவிலும் கரண்ட் போயிற்று. எங்கேயோ ஒரு மரம் கம்பி மேல் விழுந்திருக்க வேண்டும். விடியும்வரை வரவேயில்லை. அழியாமல் மிச்சம் இருந்தது ஊர்வலத்தின் கடைசிப் பகுதி. கல் பறந்த பகுதி.

போலீஸ் வருவதற்கு முன் கிளம்பிவிட வேண்டும். கல்வராயன் மலைமேல் எங்கள் சின்னம்மா பால்வாடி டீச்சராக இருந்தாள். அங்கே போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவது என்று ஏற்பாடு. "பொம்பளப் புள்ள கூட இருந்தா வழியில யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, நீயும் போ" என்றாள் அம்மா. பிள்ளையைக் காப்பாற்ற மகளைக் கேடயமாக அனுப்பிய அந்தத் திட்டத்தில் மகளுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி யாருக்கும் வரவில்லை. எனக்கு வந்தது. வாயைத் திறக்கவில்லை.

கருணாபுரத்துச் சந்துகள் வழியாக மெயின் ரோட்டைத் தவிர்த்துக்கொண்டு சைக்கிளில் போனோம். நான் கேரியரில். மடியில் ஒயர்கூடை. கூடையில் துணி, சின்னம்மாவுக்கு முறுக்கு, முறுக்குக்கு அடியில் கேசட். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது உறைக்குள் கடகடவென்று ஆடியது. அந்தச் சத்தம் ரோடு முழுக்கக் கேட்கிறது என்றே எனக்குத் தோன்றியது.

"ண்ணா, ஏரியில போட்டுடலாம்ண்ணா."

"கேசட்ட யாராச்சும் ஏரியில போடுவாங்களா பாப்பா?"

சோற்றைக் குப்பையில் கொட்டச் சொன்னது போலக் கேட்டார். நான் அழ ஆரம்பித்ததும் மனசு இறங்கினார். "சரி. கோமுகி டேம் வரட்டும். அங்க ஆளு இருக்காது. போட்டுடலாம்."

டேம் வரவில்லை. வடக்கனந்தலுக்கு முன்னாலேயே ஒரு பெரிய புளியமரம் ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதன்மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நிறையப் பேர் கையில் கொடுவாள். மரம் வெட்டக் கொண்டுவந்த கொடுவாள்தான், ஆனாலும் கொடுவாள். நடுவில் இருந்தவர் தலையில் முண்டாசு கட்டியிருந்தார். மற்றவர்கள் பேசும்முன் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"எங்க போறீங்க?"

"மலைக்குங்க. சின்னம்மா வூட்டுக்கு."

"எந்த ஊரு?"

"கள்ளக்குறிச்சிங்க."

கூடையை வாங்கினார். துணியை விலக்கவில்லை, பொம்பளைத் துணி என்று நாகரிகமாக விட்டுவிட்டார். முறுக்குப் பொட்டலத்தைத் தூக்கினார். கேசட் கைக்கு வந்தது.

"இன்னா இது?"

"படங்க" என்றார் அண்ணன்.

அந்த ஒரு வார்த்தைதான். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தப்பிப் போயிருப்போம். மரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். போலீஸ் ஆள் வைத்துப் படம் பிடிக்கிறது, யார் யார் மரம் வெட்டுகிறார்கள் என்று வீடியோவில் பார்த்துப் பார்த்து வீட்டுக்கு வந்து தூக்குகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

"யாரப் படம் புடிச்ச? டேய், யாரப் படம் புடிச்ச?"

"ஐயோ, சினிமாப் படங்க! டான்ஸ் படம்!" என்றேன் நான். என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்காத மாதிரி கீச்சென்று வந்தது. படத்தின் பேரைச் சொன்னேன். இரண்டொருவர் முகம் இளகியது. முண்டாசுக்காரர் கேசட்டைத் திருப்பிப் பார்த்தார். அவர் கட்டைவிரல் அதன் முதுகில் போய் நின்றது.

"லாக்கு மேல டேப்பு ஒட்டிக்கீது. இது மேல அடிச்ச கேசட்டு" என்றார். "எங்கண்ணி வூட்ல டெக்கு கீது. கரண்ட்டும் கீது. போட்டுப் பாத்துடலாம், வாங்க."

கழனி வழியாக நடத்திக்கொண்டு போனார்கள். முன்னால் சிலர், பின்னால் சிலர். ஒருத்தரும் எங்களைத் தொடவில்லை. கரும்புக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை. அங்கே எங்களை வெட்டிப் போட்டால் கரும்பு வெட்டும்போதுதான் கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தேன். அண்ணனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

வீடு மாடி வீடு. டெக் முண்டாசுக்காரரின் அண்ணியுடைய தம்பி சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது. அந்த அம்மாவுக்கு என் அம்மா வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி கேசட்டைப் பற்றியதே இல்லை.

"டவுனுலேர்ந்தா வரீங்க? எம் புள்ளயப் பாத்தீங்களா? செங்கல் கலர் சட்ட போட்டுக்கினு ஊர்வலத்துக்குப் போனான். இன்னும் வரல."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "எங்கனாச்சும் சொந்தக்காரங்க வூட்ல பதுங்கிக்கினு இருப்பான் அண்ணி" என்றார் முண்டாசுக்காரர், பல தடவை சொல்லி அலுத்த குரலில். அந்த அம்மா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாய்கூடக் குடிக்காமல் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். "எதுக்கும்மா பயப்படற? சினிமாதானே பாக்கப் போறாங்க" என்றார். அதற்குத்தான் பயப்படுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

படம் ஆரம்பித்தது. கூடத்தில் ஆம்பளைகள், வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள். என் வாழ்க்கையில் எத்தனையோ தடவை பார்த்த படம், அன்றைக்குத்தான் அது ஓடுகிறதைப் பார்த்தேன். மற்ற நாளில் நான் பார்த்தது அவளை. அன்றைக்குப் பார்த்தது கேசட் ஜன்னலுக்குள் ஒரு சக்கரம் மெலிந்து ஒரு சக்கரம் பருப்பதை. முண்டாசுக்காரர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சு வந்தால் ஓட்டினார். பாட்டு வந்தால் பெண்கள், "வுடுங்க, வுடுங்க" என்றார்கள், விட்டார். பேச்செல்லாம் பறந்தது. நான் கரண்ட் போகட்டும் என்று தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். நல்ல காட்சியில் தவறாமல் போகிற கரண்ட், ஊரே இருண்டு கிடந்த அந்த வாரத்தில், அந்த ஒரு வீட்டில் மட்டும் குத்துக்கல்லாக நின்றது.

அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "எம் புள்ளதான் டாக்கீஸ்ல இட்டுக்கினு போய்க் காட்டினான். பெட்ரமாக்ஸ் தூக்கறப்போ பெஞ்சு மேல ஏறி நின்னு விசில் அடிச்சான். எனக்கு மானமே பூட்டுச்சு" என்று சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போதும் கண் வாசல் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

முக்கால் படம் ஓடியதும் முண்டாசுக்காரர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "சினிமாதான்பா. தப்பா நெனச்சிக்காதீங்க தம்பி, காலம் அப்பிடி. போயிட்டு வாங்க."

அண்ணன் கும்பிட்டார். நான் கூடையை எடுத்துவிட்டேன். அண்ணன் டெக்கின் பக்கம் குனிந்துகூட விட்டார்.

"இரு தம்பி" என்றார் அந்த அம்மா. "பெட்ரமாக்ஸ் ஆட்டம் பாக்காத எப்படிப் போறது?"

"நேரமாவுதுங்கம்மா. மல ஏறணும்."

"அட, இன்னும் கொஞ்சந்தானே. அது ஒண்ணுக்குத்தானே இந்தப் படமே. அதயும் பாத்துட்டு, ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க."

வாசலில் இருந்த பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். முண்டாசுக்காரரே திரும்ப உட்கார்ந்துவிட்டார். சந்தேகத்திலிருந்து தப்பித்த எங்களை அந்தப் படத்தின் மேல் இருந்த ஆசை பிடித்துக்கொண்டது. எனக்கு அந்த நாட்டியக்காரியின் மேல் வந்த வெறுப்பைச் சொல்லி மாளாது.

சபை. திரை விலகுகிறது. சலங்கை. கரண்ட் போகிறது. இருட்டில் அவள் நிற்கிறாள். பெண்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தர் வாயில் விரலை வைத்து விசிலுக்குத் தயாரானார். அவன் விளக்கைத் தூக்கி முதல் அடி எடுத்துவைத்தான்.

ஒரு கோடு. இரண்டு கோடு. பிறகு உச்சி வெயில், கள்ளக்குறிச்சிக் கடைத்தெரு, ஓடுகிற ஜனம், கோஷம்.

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. அந்த விரல் வாயிலேயே இருந்தது. பிறகு முண்டாசுக்காரர் அண்ணனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சேர்த்தார். "போலீஸ் ஆளாடா நீ? எங்க வூட்டுக்குள்ளயே வந்து, எங்க சோறு திங்கப் பாத்தியாடா?" வாசலில் இருந்த கொடுவாள்கள் உள்ளே வந்தன. என் அண்ணனை என் கண் முன்னால் கொல்லப் போகிறார்கள் என்பது எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பயம் முற்றி, கோபமாகத்தான் வெளியே வந்தது.

"அறிவு கீதா உங்களுக்கு?" என்று கத்தினேன். "போலீசுக்குக் குடுக்கறவரு எதுக்கு அதும்மேல சினிமாவ அடிக்கணும்? உங்கள அழிக்கறதுக்குத்தான் அடிச்சாரு! உங்க ஆளுங்க மரத்த வெட்டி கம்பி மேல தள்ளினாங்க, கரண்ட்டு பூட்டுச்சு! இல்லன்னா மொத்தமும் அழிஞ்சிருக்கும்! போலீசுக்குப் பயந்துதான் ஓடியாந்தோம், இங்க நீங்க அடிக்க வரீங்க!"

சட்டையைப் பிடித்த கை இறங்கவில்லை, இறுகவும் இல்லை. அப்போது அந்த அம்மா, "சும்மா இருங்க எல்லாரும்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. டிவிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார்.

திரையில் ஒரு பையன் கூட்டத்திலிருந்து பிரிந்து வந்தான். செங்கல் கலர் சட்டை. குனிந்து எதையோ எடுத்தான். கையை ஓங்கி வீசினான். பஸ் கண்ணாடி சிதறியது. அவன் திரும்பினான், முகம் முழுசாகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு லத்திகள், புழுதி, அவனைக் காணவில்லை.

"திரும்பிப் போடு தம்பி" என்றார்.

அண்ணன் சட்டைக் கசங்கலோடு வந்து உட்கார்ந்து, பின்னால் ஓட்டி, அந்த முகத்தில் நிறுத்தினார். நிறுத்திய படம் துடித்துக்கொண்டே இருந்தது. அந்த அம்மா டிவி கண்ணாடியில் அவன் கன்னத்தின் மேல் விரலை வைத்தார்.

இப்போது பயம் அவர்கள் பக்கம் போய்விட்டது. எல்லாரும் அந்தக் கூட்டத்தில் அவரவர் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். முண்டாசுக்காரர்தான் கடைசியில் சொன்னார். "அண்ணி, இது வெளிய போச்சுன்னா புள்ளய உள்ள தள்ளிடுவாங்க. வருஷக்கணக்குல தள்ளிடுவாங்க. அழிச்சிடணும்."

அந்த அம்மா அண்ணனைப் பார்த்தார். "அழிச்சா மொத்தமா பூடுமா?"

"பூடுங்கம்மா."

"அப்பறம் அவந்தான்னு யாராலயும் சொல்ல முடியாதில்ல?"

"முடியாதுங்கம்மா."

கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்றைக்கு இருபது வயது, எனக்குக்கூட அவர் எதை யோசிக்கிறார் என்று தெரிந்தது. பிள்ளை திரும்பி வருவான் என்றால் அந்த முகம் அழிய வேண்டும். அந்த முகத்தை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், அவன் வரமாட்டான் என்று அவர் வாயாலேயே சொன்னது போல ஆகிவிடும்.

"அழிச்சிடு தம்பி" என்றார். "வரட்டும். நேராவே பாத்துக்கறன்."

எந்தப் பொத்தான் என்று கேட்டார். அண்ணன் சினிமா நின்ற இடம்வரை பின்னால் ஓட்டிவிட்டு, இரண்டை ஒன்றாக அழுத்த வேண்டும் என்று காட்டினார். அவரே அழுத்தினார். திரை கறுத்தது. கேசட் தீரும்வரை அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, அவர் எங்களுக்குச் சோறு போட்டார். கத்திரிக்காய்க் குழம்பு. பயத்தில் தட்டை வழித்துச் சாப்பிட்டேன். பிறகு முண்டாசுக்காரரே கோமுகி டேம் வரைக்கும் கூட வந்து மலைப் பாதையில் ஏற்றிவிட்டார். கேசட்டை அங்கே தண்ணீரில் போடும் அவசியம் இருக்கவில்லை. அது வெறும் சினிமாவாகிவிட்டது, கடைசி ஆட்டம் இல்லாத சினிமா.

ஊர் அடங்கியதும் திரும்பினோம். போலீஸ்காரர்கள் வந்து கேட்டார்கள், கேமரா கெட்டுவிட்டது என்று அண்ணன் சொன்னார், திட்டிவிட்டுப் போனார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

புளியமரங்களை அறுத்து ஏலம் விட்டு, ரோடு மொட்டையாகிவிட்ட பிறகு, ஒரு மத்தியானம் அந்த அம்மா கடைக்கு வந்தார். கூட முண்டாசுக்காரர், முண்டாசு இல்லாமல். நான் அன்றைக்குக் கடையில் இருந்தேன். என் அம்மாவும் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். விவரம் தெரியாமல் முகம் மலர்ந்து, "வாங்கம்மா, புள்ள வந்துட்டானா?" என்று கேட்டாள்.

அந்த அம்மாவுக்குப் பின்னால் நின்றவர் அண்ணனின் காதோரம் குனிந்து, "அவன் இனிமே வர மாட்டான் தம்பி. சட்டய வச்சித்தான் அடையாளம் கண்டோம்" என்றார். வீட்டில் அவன் போட்டோ என்று பள்ளிக்கூடத்தில் எடுத்த ஒன்றுதான் இருந்ததாம், அதில் பத்து வயதுப் பிள்ளை. 

அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். "தம்பி, அந்த கேசட்ல எங்கனாச்சும் கொஞ்சம் ஒட்டிக்கினு இருக்குமா?"

இருக்காது என்று அண்ணனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அண்ணன் கேசட்டை எடுத்து டெக்கில் போட்டு, கடைசிப் பகுதிக்கு ஓட்டினார். விளக்குக்காரன் பெட்ரமாக்ஸைத் தூக்கி முதல் அடி எடுத்துவைத்தான். கறுப்பு. அவர் அந்தக் கறுப்பையே பார்த்தார்.

"சத்தமாச்சும் இருக்குதா பாரு."

அண்ணன் சத்தத்தைக் கடைசி வரை கூட்டினார். உஸ்ஸென்று ஒரு இரைச்சல். அவர் காதை டிவியோடு சேர்த்து வைத்துக்கொண்டார். நான் வேண்டிக்கொண்டேன், இந்தத் தடவையாவது கரண்ட் போகட்டும் என்று. இந்தத் தடவையும் போகவில்லை. நாங்கள் எல்லாரும் நின்றுகொண்டே இருந்தோம். கேசட் முழுக்க ஓடி, டக்கென்று நின்று, தானாகவே பின்னால் சுற்றத் தொடங்கியது.

அந்த அம்மா காதை எடுக்கவில்லை. "இன்னொரு வாட்டி போடு தம்பி" என்றார். "நடுவுல கண்ண மூடிட்டன் போலக்கீது."